செம்மணற்கல் காட்டில் மலைச் சைக்கிள்: டிரைஃபெல்ஸ் கோட்டைக்கு ஒரு முதல் பயணம்

மலைச் சைக்கிள் என்றதும் ஆல்ப்ஸ் மலையும் கேபிள் காரும் நினைவுக்கு வந்தால், புதியவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஜெர்மனியின் தென்மேற்கில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிப் பிஃபால்ஸ் காடு இருக்கிறது. ஜெர்மானியர்கள் இதை பிஃபெல்சர்வால்ட் என்பார்கள். அந்நாட்டில் இடைவெளி இல்லாமல் பரந்து கிடக்கும் காடுகளில் மிகப் பெரியது இது. 1958-ல் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள், 1992-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. 1998 முதல் எல்லைக்கு அப்பால் உள்ள பிரான்சின் வடக்கு வோஜ் மலைக்காடும் இதோடு சேர்ந்து ஒரே காப்பகமாகக் கணக்கில் இருக்கிறது.

இங்கே மிக உயர்ந்த கால்மிட் குன்றே 673 மீட்டர்தான். ஏற்றங்கள் குட்டை, கொஞ்ச தூரத்துக்கு ஒரு சாப்பாட்டுக் குடில், பள்ளத்தாக்கில் ரயில். வாரக் கடைசியில் மான்ஹைம், கார்ல்ஸ்ரூ பக்கமிருந்து கிளம்பிக் காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அந்த ஊர்களில் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் நம்மவர்களில் பலரிடம் ஒரு சைக்கிள் ஏற்கெனவே இருக்கும். அதை நகரத்துச் சாலையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோக நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். போகும் இடம் அன்வைலர் என்ற சிறு நகரமும், அதன் தலைக்கு மேல் 494 மீட்டர் உயரத்தில் நிற்கும் டிரைஃபெல்ஸ் கோட்டையும்.

முதலில் கல்

சைக்கிளைப் பற்றிப் பேசுமுன் இந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே பாதை எப்படி இருக்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும், கோட்டை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, உங்கள் பிரேக் ஏன் சீக்கிரம் தேய்கிறது எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தக் கல்தான்.

ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வறண்ட நிலத்தில் ஆறுகளும் காற்றும் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகிக் கல்லானது. மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் செந்நிறத்துக்குக் காரணம். அடுக்குகள் எல்லாம் ஒரே உறுதி கொண்டவை அல்ல. கடினமான அடுக்கு செங்குத்துப் பாறையாக நிற்கும், மென்மையான அடுக்கு உதிர்ந்து மறுபடி மணலாகிவிடும். கடின அடுக்குகளில் ஒன்றுக்கு டிரைஃபெல்ஸ் அடுக்கு என்றும், அதற்கு மேலே இருக்கும் மென்மையான அடுக்குக்குப் பக்கத்துக் குன்றின் பெயரால் ரேபெர்க் அடுக்கு என்றும் புவியியலார் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சைக்கிளில் போகும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் முன்னே கைக்குத் தெரிந்துவிடும். பாறை அடுக்கின் மேல் போகும்போது தரை கெட்டியாக, படிப்படியாக, சொரசொரப்பாக இருக்கும். காய்ந்த மணற்கல்லில் டயர் நன்றாகப் பிடிக்கும். கொஞ்சம் இறங்கியதும் உதிர்ந்த மணல் பாதையில் குவிந்திருக்கும், முன் சக்கரம் நழுவும். அதே மணற்கல் நிழலில் பாசி பிடித்து ஈரமாக இருந்தால் சோப்புக் கட்டிதான். இந்த மூன்று நிலைகளையும் அடையாளம் காணத் தெரிந்துவிட்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். மணல் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடுவதால், மழை நின்ற மறுநாளே பாதை ஓட்டும் நிலைக்கு வந்துவிடும். களிமண் காடுகளில் இந்த வசதி கிடையாது. நீண்ட வெயிலுக்குப் பிறகு மணல் தளர்ந்துவிடும் என்பதால், புதியவருக்கு ஆகஸ்ட் மாத வறட்சியைவிட ஜூன் மாதத்தில் லேசான மழைக்கு அடுத்த நாள் நல்லது.

அக்டோபரில் காட்டின் கிழக்கு ஓரம் முழுக்கச் செஸ்ட்நட் உதிரும். பார்க்க அழகுதான், ஆனால் சருகுக்கு அடியில் கிடக்கும் முள்தோலும் கொட்டையும் இறக்கத்தில் சக்கரத்தை உருட்டிவிடும். நவம்பர், டிசம்பரில் சில நாட்கள் கூட்டு வேட்டை நடக்கும். அன்று பாதையை அடைத்துப் பலகை வைத்திருப்பார்கள். மரம் வெட்டும் இடத்திலும் அப்படித்தான், பாதைக்குக் குறுக்கே துணிப் பதாகை கட்டியிருந்தால் அதற்கு அடியில் நுழைந்து போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று எந்திரம் நின்றிருந்தாலும், பாதி வெட்டிய மரம் நின்றுகொண்டிருக்கலாம்.

சைக்கிளும் சாமானும்

முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள சாதாரண மலைச் சைக்கிள் போதும். பின்னாலும் தாங்கி உள்ள விலை உயர்ந்த வண்டியை முதல் பயணத்துக்கு வாங்க வேண்டாம், தேவைப்பட்டால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மின் உதவிச் சைக்கிளும் சரிதான். 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவி நின்றுவிடும் வகை என்றால் சட்டத்தின் கண்ணில் அதுவும் சைக்கிளே. ஆனால் அதன் எடை ஏற்றத்தில் உதவுகிற அளவுக்கு இறக்கத்தில் உங்களை இழுக்கும்.

நான் அதிகம் வற்புறுத்துவது இரண்டு விஷயங்களை. முதலாவது டயர். 2.25 அங்குலமோ அதற்கு மேலோ அகலம் இருக்கட்டும், கட்டைகள் நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கட்டும். நகரத்தில் கல்போல் காற்று அடித்து ஓட்டும் பழக்கம் இங்கே உதவாது. 70 கிலோ எடை உள்ளவர், ட்யூப் வைத்த டயர் என்றால் 2 பார் அழுத்தத்தை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். அதிகம் அடித்தால் மணலில் சறுக்கும், ரொம்பக் குறைத்தால் பாறைப் படியின் விளிம்பில் ட்யூப் நசுங்கிப் பங்க்சர் ஆகும். எடைக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து உங்களுக்குப் பிடித்த அளவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிரேக். ஈர மணல் உப்புத்தாள் போல வேலை செய்து பிரேக் கட்டையைத் தின்றுவிடும். கிளம்புமுன் கட்டை எவ்வளவு மிச்சம் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகப் போடுவதென்றால் உலோகத் துகள் கலந்த கட்டை கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், சத்தம் போடும் என்பது மட்டும் குறை.

மற்றதெல்லாம் வழக்கமானவை: ஹெல்மெட், கையுறை, ஒரு மாற்று ட்யூப், பம்ப், மடக்குச் சாவித் தொகுப்பு. ஜெர்மனியில் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் இந்தப் பாறைகளுக்கு நடுவே அது இல்லாமல் போகக் கூடாது. ஒரு பூட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைச் சைக்கிள்காரர்கள் பலர் எடை என்று அதை விட்டுவிடுவார்கள், உங்களுக்கோ கோட்டைக்குள் போக வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர் வேண்டும். தண்ணீரைத் தானே குடித்துவிடும் கல் என்பதால் மேட்டில் ஓடையை எதிர்பார்க்க முடியாது.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது

வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு கோடும் சைக்கிளுக்கு உரியது அல்ல. அன்வைலர் இருக்கும் ரைன்லாந்து-பிஃபால்ஸ் மாநிலத்தின் வனச் சட்டப்படி சைக்கிளுக்கு அனுமதி சாலைகளிலும் வனப் பாதைகளிலும்தான். வனப் பாதை என்றால் வன இலாகா வண்டிகள் போக அமைத்த பாதை. நடப்பவர்களுக்கான ஒற்றையடிப் பாதைகளும், வெட்டிய மரத்தை இழுத்துவரும் தடங்களும் இந்தக் கணக்கில் சேராது. பக்கத்து மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் விதி வேறு, அங்கே 2 மீட்டர் அகலம் என்ற கணக்கு. கார்ல்ஸ்ரூவிலிருந்து வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு.

அப்படியானால் ஒற்றையடிப் பாதையில் ஓட்டவே முடியாதா? முடியும். மவுண்டன்பைக்பார்க் பிஃபெல்சர்வால்ட் என்ற பெயரில், பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிளுக்கென்றே பலகை வைத்த சுற்றுப் பாதைகள் இந்தக் காட்டில் இருக்கின்றன. பார்க் என்றதும் கேபிள் காரும் குதிக்கும் மேடையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கிராமத்திலிருந்து கிராமத்துக்குக் காட்டு வழியே போகும் சாதாரணப் பாதைகள்தான் அவை, எண்ணும் சைக்கிள் படமும் போட்ட சிறு பலகை வழி காட்டும். அந்தத் தடங்களில் வரும் ஒற்றையடிப் பகுதிகளில் தயங்காமல் ஓட்டலாம்.

கைபேசிச் செயலிகளில் மற்றவர்கள் பதிவேற்றிய தடத்தை அப்படியே பின்பற்றுவது எனக்கு உவப்பில்லை. அவற்றில் பாதி நடைபாதையில் போகும். போதாததற்கு, வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகளை வசந்தத்தில் மூடி வைப்பார்கள், அந்தப் பக்கம் நெருங்கவே கூடாது.

நடப்பவர்கள் எதிரே வந்தால் நடைவேகத்துக்குக் குறைத்து, மணியை ஒரு முறை அடித்து, ஒரு ஹலோ சொல்லிவிட்டுப் போங்கள். பிஃபால்ஸ்காரர்கள் பேச்சுப் பிரியர்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆரம்பித்தால் பத்து நிமிடம் போய்விடும். பரவாயில்லை, அடுத்த குடில் திறந்திருக்கிறதா என்பதை அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

அன்வைலரிலிருந்து மேலே

மான்ஹைம் பக்கத்திலிருந்து வந்தால் நொய்ஸ்டாட், லாண்டாவ் வழி. லாண்டாவிலிருந்து க்வைஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிர்மாசென்ஸ் நோக்கிப் போகும் சிறு ரயில் அன்வைலரில் நிற்கும். மான்ஹைம் வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பின் எல்லைக்குள் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறில் நாள் முழுதும் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மற்ற ஊர்களிலிருந்து வருபவர்கள் தங்கள் பகுதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கும் ஞாயிறு காலையில் சைக்கிள் பெட்டி நிரம்பிவிடும். சனிக்கிழமை முதல் ரயில்களில் வந்தால் நிம்மதி.

அன்வைலர் 1219-ல், பின்னாளில் புனித ரோமானியப் பேரரசரான இரண்டாம் ஃபிரெடரிக்கிடம் நகர உரிமை பெற்ற பழைய ஊர். நீர்ச் சக்கரமும் மரச்சட்ட வீடுகளும் இருக்கும் தெருக்களை முதலில் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஊர் பார்ப்பதோடு கியரும் பிரேக்கும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். ரொட்டிக் கடையும் இங்கேதான், மேலே கிடையாது.

ஊரிலிருந்து கோட்டை வரை உயர வித்தியாசம் 300 மீட்டரை ஒட்டி வரும். தார்ச் சாலையும் உண்டு, வனப் பாதையும் உண்டு. புதியவருக்கு நான் சொல்வது வனப் பாதைதான். தூரம் கூடும், சரிவு குறையும், கார் தொல்லை இல்லை. ஏறத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதி மேட்டில் மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும். சீட்டின் முன்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, நெஞ்சைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரே சீராக மிதியுங்கள். எழுந்து நின்று அழுத்தினால் பின் சக்கரம் மணலில் வெறுமனே சுற்றும். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஓய்வோடு சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஆஸெல்ஸ்டைன் பாறையைத் தவறவிடாதீர்கள். மரங்களுக்கு மேலே தனியாக நிற்கும் செம்மணற்கல் சுவர் அது, பாறை ஏறுபவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். கடின அடுக்கு எப்படி நிற்கிறது, அதன் காலடியில் மென்மையான அடுக்கு எப்படி மணலாகக் கொட்டிக் கிடக்கிறது என்பதை ஒரே பார்வையில் இங்கே காணலாம்.

கோட்டை

வண்டியைக் கோட்டைக்குக் கீழே உள்ள வாகன நிறுத்தத்திலேயே பூட்டிவிடுங்கள். அங்கிருந்து செங்குத்தான நடைபாதைதான், இருபது நிமிடம் போல ஆகும். அதை ஒட்டிய அனெபோஸ், ஷார்ஃபென்பெர்க் கோட்டைச் சிதிலங்களுக்குப் போகும் மேட்டுப் பாதையும் நடப்பவர்களுக்கானது. மூன்று குன்றில் மூன்று கோட்டை என்று ஊரிலிருந்து பார்த்தால் வரிசையாகத் தெரிவது இவைதான்.

மணற்கல் பாறையே அடித்தளம், அதை வெட்டிய கல்லே சுவர் என்பதால் பாறை எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. கோட்டையின் பெயர் ஆவணத்தில் முதலில் வருவது 1081-ல். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பேரரசின் மகுடமும் செங்கோலும் பல காலம் இங்கேதான் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. இப்போது உள்ளே இருப்பவை நகல்கள், அசல் வியன்னாவில்.

1193-ல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறை வைத்த இடமும் இதுதான். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில், 1192 டிசம்பரில் வியன்னா அருகே ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டின் ஆட்களிடம் சிக்கினார். லியோபோல்ட் அவரைப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார். மீட்புத் தொகை 150,000 மார்க் வெள்ளி. அதில் பெரும்பகுதி கைக்கு வந்த பிறகே 1194 பிப்ரவரியில் விடுதலை. அதே ஆண்டு ஹென்றி சிசிலி மீது படையெடுத்துப் போனார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பாணன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடி அலைந்து மன்னரைக் கண்டுபிடித்த கதையையும் இங்கே சொல்வார்கள். கதை இனிமையானது, வரலாற்றுச் சான்று இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு பாருங்கள். 1602-ல் இடி விழுந்து கோட்டை எரிந்து பாழானது. இன்று நீங்கள் பார்க்கும் கம்பீரத்தில் பெரும்பங்கு 1938-ல் தொடங்கிய மறு கட்டுமானம். நாஜி ஆட்சி தன் பெருமைக்காகக் கட்டியது, கட்டடக் கலைஞர் ருடால்ஃப் எஸ்டரர். பெரிய மண்டபம் இடைக்காலத்தில் இப்படி இருந்ததே இல்லை. பழசைப் பார்க்க வேண்டுமானால் முகம் புடைத்த கற்களால் கட்டிய முதன்மைக் கோபுரத்தையும் அதில் உள்ள சிற்றாலயத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் கோட்டை திறக்கும் நாட்கள் குறையும், போகுமுன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இறக்கம்

காலில் நடைக் களைப்பு, மனதில் ஏறி வந்த தெம்பு. விழுபவர்கள் பெரும்பாலும் விழுவது இப்போதுதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து எதையாவது தின்றுவிட்டு, சீட்டை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு கிளம்புங்கள்.

உடம்பின் நிலை முதலில். இரண்டு மிதியும் ஒரே மட்டத்தில், பிட்டம் சீட்டை விட்டு மேலே, முழங்காலும் முழங்கையும் மடங்கி. இறங்கும்போது உட்கார்ந்தே வந்தால் ஒவ்வொரு பாறைப் படியும் உங்களைத் தூக்கிப் போடும். கண் சக்கரத்தில் இருக்கக் கூடாது, ஏழெட்டு மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். பிரேக்கில் ஒரு விரல், மிச்சம் மூன்றும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கட்டும்.

முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சிறு வயதில் நமக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் பலரும் பின் பிரேக்கை மட்டும் பிடித்துச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு வருவார்கள். அப்படிச் செய்தால் வண்டியும் நிற்காது, பாதையும் கெடும், மழைக்கு அந்தக் கோட்டில் தண்ணீர் அறுத்துக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்து, மெதுவாக, வளைவு வருமுன்பே பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடலாம். கொண்டை ஊசி வளைவில் பார்வை உள் விளிம்பில் தங்காமல் வெளியேறும் பக்கம் போகட்டும், வண்டி தானாகத் திரும்பும்.

மணல் வந்தால் செய்ய வேண்டியது வேறு. உள்ளே நுழையுமுன் பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். மணலில் முன் பிரேக்கைத் தொடாமல், எடையைச் சற்றே பின்னுக்குக் கொண்டுபோய், ஹேண்டில்பாரை நேராக வைத்துக்கொண்டு, லேசாக மிதித்துக்கொண்டே கடந்துவிடுங்கள். வண்டி கொஞ்சம் நெளியும், நெளியட்டும். பயந்து திருப்பினால்தான் விழுவோம். வேர்களையும் பாதைக்குக் குறுக்கே போட்ட வடிகால் பள்ளங்களையும் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும்.

பாசி பிடித்த ஈரப் பாறைப் படியா? இறங்கி நடந்துவிடுங்கள். பழகியவர்களும் நடக்கிறார்கள்.

நல்ல இடம் ஒன்று கிடைத்தால், நூறு மீட்டர் இறக்கத்தையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கிப் பழகுவது முழுப் பாதையையும் ஒரு தடவை பதறிக்கொண்டு முடிப்பதைவிடப் பயன் தரும். முதல் நாளுக்கு மொத்தம் 20 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம் என்பதைத் தாண்ட வேண்டாம். காட்டில் சராசரி வேகம் மணிக்கு 8, 10 கிலோமீட்டர்தான் வரும். இருட்டுமுன் ஊருக்குள் வந்துவிடுங்கள், அந்தி நேரம் காட்டுப் பன்றிகளுக்கும் மான்களுக்கும் உரியது.

சாப்பாடு

இந்தக் காட்டுக்குப் பலர் வருவதே குடில் சாப்பாட்டுக்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை. 1902-ல் தொடங்கிய பிஃபால்ஸ் காட்டுச் சங்கத்தின் கிளைகள் நடத்தும் குடில்களில், சங்க உறுப்பினர்களே சமைத்துப் பரிமாறுவார்கள். பெரும்பாலும் வாரக் கடைசியிலும் புதன்கிழமையிலும்தான் அடுப்பு எரியும். ரொக்கப் பணம் கையில் இருக்கட்டும், அட்டையை நம்பிப் போகாதீர்கள். தட்டையும் கோப்பையையும் நீங்களே திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஸாவ்மாகன் என்பது பன்றி இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேகவைத்த பிஃபால்ஸ் பண்டம், இங்கே அதற்குத்தான் பேர். சைவர்கள் கவலைப்பட வேண்டாம்: மூலிகை கலந்த வெண்ணிறத் தயிர்ப் பாலாடை ரொட்டியோடு கிடைக்கும், சில இடங்களில் உப்பிய ஆவி ரொட்டியும் உருளைக்கிழங்குச் சூப்பும் இருக்கும். சூப்பில் இறைச்சித் துண்டு போடுவதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒயினில் சோடா கலந்த பானத்தை அரை லிட்டர் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவார்கள். இறக்கம் பாக்கி இருக்கும்போது அதற்குப் பதில் ஆப்பிள் ரசத்தில் சோடா கலந்து கேட்டால் போதும்.

அடிபட்டால்

அவசர எண் 112. காட்டில் பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை வராது, அதனால் தனியாகப் போகாமல் இருவராவது சேர்ந்து போங்கள். பாதைச் சந்திப்புகளில் வெள்ளைச் சிலுவைக் குறியும் எண்ணும் உள்ள பச்சைப் பலகைகள் இருக்கும். அவை மீட்புப் புள்ளிகள், அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கடந்து போகும்போதே எண்ணைப் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை. முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடம் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் செயின். மணலோடு விட்டுவிட்டால் பல்சக்கரம் தேய்ந்துபோகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்காமல், வாளித் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள்.

அடுத்த முறை அதே ரயிலில் இன்னும் மேற்கே போய் ஹின்டர்வைடென்டாலில் இறங்கலாம். காளான் போல ஒற்றைக் காலில் நிற்கும் டொய்ஃபெல்ஸ்டிஷ் பாறை அங்கேதான். அங்கிருந்து தெற்கே பள்ளத்தாக்கு வழியாகவே, அதிக ஏற்றம் இல்லாமல் டான் ஊருக்குப் போய்விடலாம். ஊரை ஒட்டிய மேட்டில் ஒரே பாறைத் தொடரின் மேல் ஆல்ட்டான், கிராஃபென்டான், டான்ஸ்டைன் என்று மூன்று கோட்டைகளின் சிதிலம். படிகளையும் அறைகளையும் அந்தப் பாறைக்குள்ளேயே குடைந்திருக்கிறார்கள். அங்கே மறு கட்டுமானம் பெரிதாக எதுவும் நடக்காததால், எனக்கு டிரைஃபெல்ஸைவிட டான்தான் பிடிக்கும்.